இல்லையென்று சொல்ல எடுத்த அழைப்பு

நானா,

இன்று உங்கள் மேசைத் தொலைபேசியைத் தூக்கினேன். ரிசீவரில் இன்னும் உங்கள் அத்தர் மணக்கிறது. நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போய்ப் பதினொரு மாதம். ஆளணிப் பிரிவில் யாரும் அதைத் தொடவில்லை. பக்கத்து மேசையில் இருக்கும் நானும் தொடவில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

காலையில் உங்களோடு எனக்கு நல்ல கோபம். வெருகல் பக்கத்து யோகராசா நம் கப்பல் திருத்தும் யார்ட் வாசலில் வந்து நின்றார். வாடைக் காற்றில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போக முடியாத நாலு மாதமும் நம்மிடம் வந்து, கப்பலின் அடியைச் சுரண்டிப் பெயின்ற் அடிப்பாரே, அவர்தான். நீங்கள் போன பிறகு நிரந்தர வேலைக்கு மூன்று முறை விண்ணப்பித்திருக்கிறார். மூன்று முறையும் கணினி அவரைத் தள்ளிவிட்டது.

“மிஸ், ஒம்பது வருசமா வாடைக்கு இஞ்சதான் நிக்கிறன். ஒரு வேலையிலயும் நிலைக்காத ஆள் எண்டு மெசேஜ் வருது. இங்கிலீசில வந்தது, மகள்தான் வாசிச்சுச் சொன்னவள்” என்றார்.

அந்த மகளுக்கு டவுன் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. லிங்கநகரில் ஓர் அறை எடுத்து இருக்கிறார்கள். இந்த வேலை கிடைக்காவிட்டால் மாத முடிவில் அறையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டும், அவளும் படிப்பை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நேர்முகப் பரீட்சைப் பட்டியலோ இன்று நாலு மணிக்குக் கொழும்புக்குப் போகிறது.

அவருடைய விண்ணப்பத்தைத் திறந்தேன். நாலு மாதம் வேலை, எட்டு மாதம் இடைவெளி, மறுபடி நாலு மாதம். இப்படி ஒன்பது தரம். ஆறு மாதத்துக்குள் வேலையை விட்டவரை நீக்கு என்று கணினிக்கு ஒரு விதி கொடுக்கப்பட்டிருக்கிறது. யார் கொடுத்தது என்று பார்த்தால், உங்கள் பெயர்! கிண்ணியாக் கரையில் பிறந்த மனிசனுக்கு வாடைக் காற்று எது, சோழகக் காற்று எது, எப்போது கடலுக்குப் போகலாம் என்று தெரியாதா? உங்கள் வெறுங்கதிரையைப் பார்த்து வாய்விட்டே ஏசினேன். தேத்தண்ணி கொண்டுவந்தவர் பயந்து திரும்பிப் போய்விட்டார்.

நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நம்மிடம் வெல்டிங் பழகிக்கொண்டு ஐந்தாம் மாதமே கட்டாருக்குப் பறந்தவர்கள் எத்தனை பேர். இந்த மென்பொருள் வந்தபோது எங்கள் எல்லோரையும்விட நீங்கள்தான் சந்தோஷப்பட்டீர்கள். அதற்கு முன் பெரிய இடத்துக் கடிதத்தோடு வருகிறவர்களுக்குத்தானே வேலை. “கடுதாசி கொண்டு வாறவருக்கு நாங்க கதிரை போடணும். இந்த மெசின் போடாது, தங்கச்சி” என்றீர்கள். அது உண்மைதான். அதன் பிறகு எந்தக் கடிதமும் எடுபடவில்லை.

ஆனால் ஒவ்வொரு வியாழக்கிழமையும் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்கள் செய்த வேலையை நான் மறந்துபோனேன். கணினி தள்ளியவர்களின் பட்டியலை அச்செடுத்து, ஒவ்வொருவருக்கும் அழைப்பு எடுப்பீர்கள். எல்லோருக்கும் ஒரே தொடக்கம்தான்: “இல்லையெண்டு சொல்லத்தான் எடுத்தனான். கோவிக்காம, ஏனெண்டு கேளுங்க.” அவர்கள் ஏன் என்று கேட்பார்கள், நீங்கள் காரணத்தைச் சொல்வீர்கள், அதற்கு அவர்கள் பதில் சொல்வார்கள். ஐந்து வருடம் வேலையில்லாமல் இருந்தார் என்று தள்ளப்பட்ட தோப்பூர்ப் பெண், அந்த ஐந்து வருடமும் படுக்கையில் கிடந்த தாயைப் பார்த்தவர் என்று அப்படித்தான் தெரியவந்தது. இன்று ஸ்டோரை நடத்துவது அவர்தான்.

“இல்லையெண்டு சொல்ல அரை மணித்தியாலமா, நானா? உங்களுக்கு வேற வேலையே இல்லையா?” என்று நான் நக்கலடிப்பேன். “மெசின் தள்ளினா தள்ளினதுதான். ஏனெண்டு கேக்கிற வேலைக்குத்தானே எங்களுக்குச் சம்பளம்” என்பீர்கள். அத்தோடு என் மேசையில் இருக்கும் பிஸ்கட்டிலும் இரண்டை எடுத்துக்கொள்வீர்கள், சீனி வருத்தம் இருக்கிறதென்று தெரிந்தும்.

யோகராசாவை வரவேற்பறையில் இருத்திவிட்டு வந்து யோசித்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. உங்கள் விதி உங்கள் அழைப்போடு சேர்த்துப் போட்ட விதி. நான் விதியை ஓடவிட்டு, அழைப்பை நிறுத்திவிட்டேன். கணினியே மெசேஜ் அனுப்புகிறதே, பிறகென்ன என்று இருந்துவிட்டேன். ஏச்சு வாங்க வேண்டியவள் நான்தான், நானா.

மனேஜரிடம் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன். “ஒம்பது வருசமா ஒரே யார்ட்டுக்குத் திரும்பித் திரும்பி வந்த ஆள் சேர். இவரையா நிலைக்காத ஆள் எண்டுறது?” என்று கேட்டேன். அவர் இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க யோகராசாவின் பெயர் பட்டியலில் ஏறியது. செவ்வாய்க்கிழமை நேர்முகம். செய்தியைச் சொன்னதும் அவர் மகளுக்குத்தான் முதலில் அழைப்பு எடுத்தார்.

அந்த விதியில் பருவ வேலைக்காரருக்கு விலக்கு என்று நாளைக்குச் சேர்ப்பேன். உங்கள் பெயருக்குக் கீழே என் பெயரும் வரும்.

அத்தோடு முடிந்துவிடவில்லை. இந்தப் பதினொரு மாதமும் தள்ளப்பட்டவர்களின் பட்டியல் கணினியில் அப்படியே கிடந்தது. அச்செடுத்தேன், ஆறு பக்கம். பிறகுதான் உங்கள் ரிசீவரைத் தூக்கினேன். முதல் பெயர் மூதூரில் ஒரு வெல்டர். அவருடைய மனைவி எடுத்தார்.

“அவர் கட்டாருக்குப் போய் மூண்டு மாசம், மிஸ். இஞ்ச வேலை கிடைக்காமத்தான் போனவர். கொஞ்சம் முந்தி எடுத்திருக்கலாமே.”

நீங்கள் இருந்திருந்தால் மூன்று மாதத்துக்கு முன்பே எடுத்திருப்பீர்கள். “மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அக்கா. பிழை என்னிலதான்” என்றேன். அவர்தான் முதலில் வைத்தார்.

பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ‘கட்டார்’ என்று எழுதினேன். பிறகு இரண்டாவது பெயரின் இலக்கங்களை அழுத்தினேன். மணி அடித்தது. ஒருவர் எடுத்தார்.

“இல்லையெண்டு சொல்லத்தான் எடுத்தனான்” என்றேன். “கோவிக்காம, ஏனெண்டு கேளுங்க.”