கையெழுத்துப் போடாத கோடை

பயிற்சி முகாம், விஸ்கான்சின்
ஜூலை 18, 1986

அன்புள்ள வெர்னெல்,

நான் நலம். நீயும் ஆர்லீன் அம்மாவும் அங்கே நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசலாம் என்றால், இந்த விடுதியில் எங்கள் மாடிக்கு ஒரே ஒரு போன். அதன் முன்னால் பெண்டாட்டியிடம் திட்டு வாங்குவதற்காகப் பழைய ஆட்டக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். உன் வீட்டுப் போனையோ, உனக்காக அணியோடு பேரம் பேசும் ஏஜென்ட் கான்வே எந்த நிமிஷம் கூப்பிடுவாரோ என்று நீ யாரையும் தொடவிட மாட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். கல்லூரியில் நாலு வருஷம் ஒரே அறையில் கிடந்துவிட்டு இப்போது கடிதம் எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

இங்கே கட்டில் என் முழங்காலோடு முடிந்துவிடுகிறது. காலையில் ஒரு பயிற்சி, சாயங்காலம் ஒரு பயிற்சி. சாப்பாட்டில் எதைத் தொட்டாலும் சீஸ். காரமாக ஏதாவது கொடுங்கள் என்று கேட்டால் கெட்சப் பாட்டிலை நீட்டுகிறார்கள்.

உன் பெயர் எழுதிய அலமாரி என் அலமாரிக்குப் பக்கத்தில்தான். புது ஹெல்மெட், புது ஜெர்சி, எல்லாம் காத்திருக்கின்றன. ஏப்ரலில் அமெரிக்கக் கால்பந்து அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைப் பங்கிட்டு எடுக்கும் தேர்வில் முதல் சுற்றிலேயே உன் பெயரைக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு சுற்றும் முடிந்தும் என் பெயர் எந்த அணியின் வாயிலும் வரவில்லை. நீ சொன்னதால்தான் இவர்கள் என்னையும் வந்து ஓடிக்காட்டச் சொன்னார்கள். நான் அதை மறக்கவில்லை. நீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் மைதானத்தில் கால் வைக்க முடியாது என்பதால், கோச் ராட்கி உன் இடத்தில் என்னை நிறுத்தியிருக்கிறார்.

நாம் இருவரும் ஆடும் அதே இடத்தில் பத்து வருஷமாக ஆடும் கஸ் வோலாக் தினமும் என்னைச் சீண்டுகிறார். “எங்கடா உன் கோடீஸ்வரன்? வீட்ல பேனா இல்லையாமா? நான் ஒண்ணு அனுப்பட்டுமா?” என்றார். நானும் விடாமல், “பேனா இருக்கு, அவங்கம்மா ஒளிச்சு வெச்சிருக்காங்க” என்றேன். மொத்த அறையும் சிரித்தது. அப்புறம் எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. உன்னை வைத்துத்தானே சிரித்தார்கள்.

சீக்கிரம் வந்து சேர்.

உன்,
ஓடிஸ்


பெல்சோனி, மிசிசிப்பி
ஜூலை 24, 1986

அன்புள்ள ஓடிஸ்,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். பேனா விஷயம் வந்ததும், “அந்தப் பய வரட்டும், காதைத் திருகறேன்” என்றாள். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். சம்பளத்தில் எல்லாம் தகராறு இல்லை. நாலு வருஷ ஒப்பந்தம். அணி தரும் காகிதத்தின்படி, கையெழுத்துப் போட்டவுடன் வரும் முன்பணம் மட்டும்தான் நிச்சயம். நடுவில் கால் போய்விட்டால் அடுத்த வருஷம் கதவைக் காட்டிவிடலாம். கான்வே ஒரே ஒரு வரி கேட்கிறார். அடிபட்டு ஆட முடியாமல் போனாலும் இரண்டாவது, மூன்றாவது வருஷச் சம்பளம் உண்டு என்று எழுதித் தரவேண்டும். அணியின் மேலாளர் ஹெஸ்லர் அந்த வரியை மட்டும் எழுத மாட்டேன் என்கிறார்.

செவ்வாய்க்கிழமை ஹெஸ்லர் கான்வேயை விட்டுவிட்டு நேரே அம்மாவைக் கூப்பிட்டார். “உங்க பையனுக்கு ஆடற ஆசையே இல்லையாம்மா?” என்று கேட்டாராம். அம்மா, “ஆசை நிறைய இருக்குங்க. ஆனா நான் ஒண்ணை அனுப்பினா அது எப்படித் திரும்பி வரும்னு கேட்டுட்டுத்தான் அனுப்புவேன்” என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். வைத்த கையோடு என் பக்கம் திரும்பி, “வேலை குடுக்கறேன்னு கூப்பிட்டவனை இத்தனை நாள் வாசல்ல நிக்க வைக்கறது எனக்குப் பிடிக்கல. போய்ச் சேரு” என்றாள்.

எனக்கும் போய்விடத்தான் தோன்றுகிறது. நான் வெயிலில் பள்ளிக்கூட மைதானத்தைத் தனியாகச் சுற்றி ஓடுகிறேன். இடிக்க எதிரே ஆள் இல்லாமல் ஓடி என்ன பயன்? ஊரில் முடி வெட்டப் போனால், “என்ன தம்பி, இன்னும் எவ்வளவுதான் கேக்கறே?” என்கிறார்கள். பேராசைக்காரன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு வருகிறேன்.

கான்வே யாரிடமும் பேசாதே என்கிறார். உன்னிடம் பேசாமல் யாரிடம் பேசுவேன்? நீ அங்கே இருக்கிறாய், கண்ணால் பார்க்கிறாய். அவர்களுக்கு நான் உண்மையிலேயே வேண்டுமா? இல்லை, கஸ் ஒருவரே போதும் என்று இருக்கிறார்களா? நீ வா என்றால் நாளைக்கே கான்வேயைக் கேட்காமல் பஸ் ஏறிவிடுவேன். உள்ளதைச் சொல்.

உன்,
வெர்னெல்


பயிற்சி முகாம்
ஜூலை 29, 1986

அன்புள்ள வெர்னெல்,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. இரண்டு தரம் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். கை வலி, வேறொன்றுமில்லை.

வராதே. இன்னும் கொஞ்ச நாள் பொறு.

கஸ்ஸுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. பயிற்சி முடிந்ததும் ஐஸ் வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். வெளியே சொல்லவில்லை. இவர்களுக்கு உன்னை விட்டால் வேறு ஆள் கிடையாது. சீசனுக்கு முந்திய முன்னோட்ட ஆட்டங்கள் இரண்டு முடியட்டும், ஹெஸ்லர் தானாக இறங்கி வருவார். நீ இப்போது பஸ் ஏறினால் அந்த வரி போய்விடும். ஊரார் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

இங்கே மற்றபடி விசேஷம் இல்லை. கோச் ராட்கி நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார், பெரிதாக ஒன்றுமில்லை. சனிக்கிழமை முதல் முன்னோட்ட ஆட்டத்தில் என்னை இறக்குவார்கள். அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறார். என் பெயர் ஒலிபெருக்கியில் கேட்க வேண்டும் என்று அவருக்கு.

ஆர்லீன் அம்மாவிடம் என் அன்பைச் சொல். இந்தக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டாம். அவர் கவலைப்படுவார்.

ஓடிஸ்


பெல்சோனி
ஆகஸ்ட் 14, 1986

அன்புள்ள ஓடிஸ்,

ஹெஸ்லர் இறங்கிவிட்டார்!

நேற்று மத்தியானம் கான்வே போனில் கத்திய கத்தலில் அடுப்பில் இருந்த அம்மா பயந்துபோய் ஓடிவந்தாள். அந்த வரி அப்படியே வந்திருக்கிறது, இரண்டாவது வருஷமும் மூன்றாவது வருஷமும். போன வாரம் ஹெஸ்லர் “இதுதான் கடைசி, வெள்ளிக்கிழமைக்குள்ள வரலேன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்” என்று மிரட்டியபோது கான்வேயே ஆடிப்போய்விட்டார். நான்தான் பொறுக்கலாம் என்றேன். “உனக்கு எங்கேர்ந்துப்பா இவ்வளவு தைரியம்?” என்றார். நீ சொன்னதை அவரிடம் சொல்லவில்லை. உன்னைக் காட்டிக்கொடுப்பேனா?

சனிக்கிழமை வருகிறேன். அம்மா உனக்கென்று மிளகாய் சாஸ் இரண்டு பாட்டில் கட்டிக்கொண்டிருக்கிறாள். உன் இரண்டு ஆட்டத்தையும் பற்றி நேரில் சொல்.

உன்,
வெர்னெல்


யாசூ சிட்டி, மிசிசிப்பி
ஆகஸ்ட் 28, 1986

அன்புள்ள வெர்னெல்,

சொல்லாமல் வந்துவிட்டேன், மன்னித்துக்கொள். நீ மைதானத்தில் இருந்தாய். அறைக்கு ஒரு ஆள் வந்து, “கோச் கூப்பிடறார். ஆட்டப் புத்தகத்தையும் எடுத்துக்கோ” என்றான். புத்தகத்தைத் திருப்பிக் கேட்டால் அணியை விட்டு அனுப்புகிறார்கள் என்று அர்த்தம், எல்லோருக்கும் தெரியும். ராட்கி எழுந்து நின்று கை கொடுத்தார். “நல்லாத்தான் ஆடினே தம்பி. என்கிட்ட இடம் இல்லே” என்றார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

நீ வந்தபிறகு நாம் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை. சாப்பாட்டு மேஜையில் நீ வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாய். தாமதமாக வந்த களைப்பு, பழைய ஆட்டக்காரர்களின் கேலி, எல்லாம் சேர்ந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்பா, ஒலிபெருக்கியில் என் பெயரைத் தப்பாகச் சொன்னதைத்தான் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். மீன் பண்ணையில் குளங்களுக்குத் தீவனம் கொண்டுபோகும் லாரி ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் உன் ஆட்டத்தைப் பார்ப்பேன்.

முடிந்தால் ஒரு வரி போடு.

உன்,
ஓடிஸ்


மருத்துவமனை
நவம்பர் 5, 1986

ஓடிஸ்,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. டிவியில் பார்த்திருப்பாய். என்னை யாரும் பெரிதாக இடிக்கவில்லை. திரும்பினேன், கால் தரையிலேயே நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. அறுவை செய்திருக்கிறார்கள். திரும்ப ஓடலாம் என்று டாக்டர் சொல்கிறார். இவர்கள் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஆடுவேன் என்று சொல்லவில்லை.

ராட்கி பார்க்க வந்தார். “முகாமை முழுசா முடிச்சிருந்தா இந்தக் கால் தாங்கியிருக்கும்டா” என்றார். அவர் கண்கலங்கியதை இப்போதுதான் பார்க்கிறேன். மறுநாள் கான்வே வந்தார். “அந்த ஒரு வரி மட்டும் இல்லேன்னா ஜனவரியில உன்னை அனுப்பிட்டு மறந்துருப்பாங்க” என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் சரிதான்.

அம்மா இங்கே பக்கத்தில் இருக்கிறாள். அந்த வரி உன்னால் வந்தது என்று அவளிடம் சொல்லியிருந்தேன். தினமும் ஜெபத்தில் என் காலுக்கு அடுத்ததாக உன் பெயரைச் சொல்கிறாள். உனக்கு நன்றி எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

வெர்னெல் டிப்ஸ்


யாசூ சிட்டி
நவம்பர் 12, 1986

அன்புள்ள வெர்னெல்,

ஆர்லீன் அம்மாவை அந்த ஜெபத்தை நிறுத்தச் சொல். ஏன் என்று சொல்கிறேன்.

கஸ்ஸின் முழங்காலுக்கு ஒன்றுமே இல்லை. அவர் எல்லோரையும்விட நன்றாக ஓடிக்கொண்டிருந்தார். நான் உனக்கு எழுதியது பொய்.

அதற்கு முந்தின நாள் ராட்கி என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: “உன் சிநேகிதன் கையெழுத்துப் போட்டா உன்னை அனுப்பிடணும். அதுக்குள்ள ரெண்டு ஆட்டம் கிடைச்சா, நீ ஆடற படத்தைப் பாத்துட்டு வேற அணி ஏதாவது எடுத்துக்கும். உன் நல்லதுக்குச் சொல்றேன்.” அன்றைக்கே உன் கடிதமும் வருகிறது, ‘நீ வா என்றால் வருகிறேன்’ என்று. வா என்றுதான் முதலில் எழுதினேன். இரண்டு தரம் எழுதினேன். கிழித்தேன். அப்பா லீவு போட்டிருந்தார். இதைச் சாக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

உனக்கு அந்த வரி கிடைக்க வேண்டும் என்று அந்தக் கடிதத்தில் ஒரு எழுத்துகூட நான் எழுதவில்லை. எனக்காகவே எழுதினேன். அது உனக்கு லாபமாக முடிந்தது என் புண்ணியம் இல்லை. உன் கால் போனது மட்டும் என்னுடையது. நீ அப்போதே வந்து இடித்துப் பழகியிருந்தால் அந்தக் கால் அப்படி நின்றிருக்காது. ஞாயிற்றுக்கிழமை நீ விழுந்தபோது அப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நான் எழவில்லை.

படத்தைப் பார்த்து என்னை யாரும் எடுக்கவும் இல்லை.

அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பதில் வராவிட்டாலும் புரிந்துகொள்வேன்.

ஓடிஸ்


பெல்சோனி
டிசம்பர் 9, 1986

ஓடிஸ்,

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஊன்றுகோல் இல்லாமல் சமையலறை வரை போகிறேன்.

நீ எழுதியது எனக்கு முன்பே தெரியும். முகாமுக்கு வந்த முதல் நாளே கஸ் என்னைத் தாண்டி ஓடினார். “முழங்கால் எப்படி இருக்கு?” என்று கேட்டேன். “எந்த முழங்கால்? யாரோடது?” என்றார். அன்றைக்குச் சாப்பிடும்போது உன் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை. நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ என் ஒப்பந்தத்தைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசினாய்.

இனி நான் சொல்ல வேண்டியது. மருத்துவமனையில் எழுதியபோதே எழுதியிருக்க வேண்டும், மறைத்துவிட்டேன்.

உன்னை அனுப்புவதற்கு முந்தின நாள் ராட்கி என்னிடம் வந்தார். “உங்க இடத்துக்கு அஞ்சாவதா ஒரு ஆளா ஓடிஸை வெச்சுக்கலாம்னு மேல கேட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். உன் சிநேகிதனாச்சே, நீ என்ன சொல்றே?” என்று கேட்டார். நான் தோளைக் குலுக்கினேன். வேண்டாம் என்றுகூடச் சொல்லவில்லை, தோளை மட்டும் குலுக்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அந்த நேரம் என் பையில் இருந்தது நீ வாங்கிக்கொடுத்த ஒப்பந்தம். மறுநாள் உன் கட்டிலில் விரிப்பு இல்லை. உன் கடிதம் வந்தபோது பதில் எழுத உட்கார்ந்தேன், எழுத ஒன்றும் வரவில்லை. கோபத்தால் என்று நினைத்துக்கொண்டேன். கோபம் இல்லை அது.

என் காலை உன் கணக்கில் எழுதிக்கொள்ளாதே. தயாராகவில்லை என்று எனக்குத் தெரியும். விலை பெரிது, அதற்குத் தகுந்தவன் என்று காட்ட வேண்டும் என்று நானே இறங்கினேன்.

எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், உன்னுடையது, என்னுடையது இரண்டையும். பீக்கான் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். கூடை காலியாகும்வரை உடைத்தாள். அப்புறம், “உங்க ரெண்டு பேரையும் சேத்துப் பிசைஞ்சாலும் ஒரு நல்ல பையன் தேறுவானான்னு தெரியல” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். ராத்திரி ஜெபத்தைக் கவனித்தேன். உன் பெயரை நிறுத்தவில்லை. என் பெயரைச் சொல்லும்போதுதான் கொஞ்சம் தயங்கினாள்.

காலுக்குப் பயிற்சி கொடுக்க வாரத்தில் மூன்று நாள் ஜாக்சன் நகர ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இன்னும் வண்டி ஓட்ட அனுமதி இல்லை. அம்மாவுக்கு நெடுஞ்சாலை என்றாலே நடுக்கம். உன் லாரி வேலை காலையிலேயே முடிந்துவிடும் என்று உன் அப்பா சர்ச்சில் யாரிடமோ சொன்னாராம். உன்னைக் கேட்கவில்லை. தகவல் சொல்கிறேன், அவ்வளவுதான்.

வந்தால் வாசலில் நின்று ஹார்ன் அடிக்காதே, உள்ளே வந்து அம்மாவைப் பார். அவள் காதைத் திருகினால் திருகட்டும். வண்டியில் இதைப் பற்றி நாம் பேச வேண்டாம். ஜாக்சன் போய்ச் சேரும்வரையாவது.

திங்கட்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.

வெர்னெல்