சார்ட்டில் இல்லாத பெயர்

அன்புள்ளவளே என்று தொடங்கத்தான் நினைத்தேன், கை வரவில்லை.

இன்று மகளின் இயர்போன் வயர் அறுந்துவிட்டது. ஒட்டவைக்க நுனியைத் தீக்குச்சியில் காட்டினேன். மேல்பூச்சு கருகிய வாடை மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்தது. செத்துப்போனவள்மேல் கோபப்படக் கூடாதாம். நான் படுகிறேன்.

கடலூரிலிருந்து சிதம்பரம் பாலிடெக்னிக்குக்குத் தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே போவோம். ஒரு கை கம்பியில், காதில் இயர்போன், போன் பைக்கு அடியில். பாட்டை மாற்ற முடியாது, வீட்டிலிருந்து அழைத்தால் எடுக்க முடியாது. "துப்பட்டாவுல குத்திக்கிற மாதிரி ஒரு பட்டன் இருந்தா நல்லாருக்கும்டி" என்று முதலில் சொன்னது நீதான். அதை இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் செய்தது யார்? உடைந்த மவுஸிலிருந்து பட்டன்களைப் பிடுங்கிப் பேனா மூடிக்குள் உட்காரவைத்தது, ஈயம் ஒட்டாமல் படுத்திய வயரைச் சுட்டு ஒட்டவைத்தது, சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் சரியான ரெசிஸ்டர் கிடைக்கும்வரை மூன்று வாரம் மாற்றி மாற்றிப் பார்த்தது, எல்லாம் நான். நீ பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றாய்.

2012இல் பாலிடெக்னிக்கில் மாணவர் கண்டுபிடிப்புக் கண்காட்சி வந்தது. முதல் பரிசு வாங்குபவருக்குச் சென்னையில் வேலை என்றார்கள். அப்பா படுக்கையில் கிடந்த நேரம். அந்த வேலையை நம்பித்தான் என் வீடே இருந்தது, உனக்கும் தெரியும். உன் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும் என்று சார்ட் எழுத உன்னிடம் கொடுத்தேன். காலையில் பார்த்தால் உன் பெயர் மட்டும்.

"என் பேரு எங்கடி?"

"இடம் பத்தலடி. இன்னா இப்போ, வாயால சொல்லிட மாட்டனா?"

சொன்னாய், நன்றாகவே சொன்னாய். நடுவர் தன் போனில் செருகிப் பார்த்தார், வேலை செய்யவில்லை. "ஏய், சொல்லுடி" என்று என் முழங்கையை இடித்தாய். சில போன்களில் மைக் இணைப்பும் எர்த்தும் இடம் மாறியிருக்கும் என்று நான், முட்டாள், உன்னைக் காப்பாற்ற விளக்கினேன்.

"இவங்க யாரும்மா?" என்று அவர் உன்னைக் கேட்டார்.

"என் ஃபிரண்டு சார். கூடமாட ஹெல்ப் பண்ணா."

வேலை உனக்குக் கிடைத்தது.

அப்புறம் எத்தனையோ முறை கூப்பிட்டாய். நான் எடுக்கவில்லை. ஒருநாள் நேரில் வந்து, தப்புதான்டி என்று சொல்வாய் என இருந்தேன். போன மாதம் நீ போய்விட்ட செய்திதான் வந்தது.

நெல்லிக்குப்பத்தில் உன் வீட்டுக்கு வந்தேன். உன் அம்மா என் கையைப் பிடித்து அழுதுகொண்டே எல்லாரிடமும் சொன்னார்கள்: "இதாங்க அந்தப் பொண்ணு. எம்பொண்ணு பட்டன் செஞ்சப்ப வயரு புடிச்சிக் குடுத்துச்சாம்."

பெற்ற வயிறு. அந்த நேரத்தில் வேறென்ன சொல்வது?

"ஆமாம்மா, புடிச்சிக் குடுத்தேன்" என்றேன்.

அது அவர்களுக்காகச் சொன்னது. உன்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை, கேட்டுக்கொள்.