குறுக்கே வந்த இரண்டாவது அலை

அன்பு மகன் சிந்த்ரேவுக்கு,

போனிலேயே சொல்லியிருக்கலாம், கடிதம் எழுதி உன் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னித்துக்கொள். பேச ஆரம்பித்தால் எனக்குப் பாதியில் வாய் அடைத்துவிடும், உனக்குத் தெரியும். நானும் அப்பாவும் சுகம். கடலே கண்ணில் படாத அந்த ஆஸ்திரிய மலையில், ஓட்டல் அடுப்படியில், நீயும் சுகமாக இருக்க வேண்டும். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், ஈரக் காலோடு போட்டுக்கொள்ளாதே.

நாற்பது வயதில் பட்டம் வாங்கி நான் வேலைக்குச் சேர்ந்த அலைத்தொட்டிக் கூடத்தில் செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இத்தனையும். தொட்டியின் இரண்டு பக்கங்களிலிருந்தும் அலை விட்டோம், எதுவும் என் முழங்கால் உயரம்கூட இல்லை. ஒரே பக்கத்து அலை உயர்ந்தால் முன்னால் கவிழ்ந்து உடைந்துவிடும் அல்லவா, இவை குறுக்காகச் சந்தித்த இடத்தில் தண்ணீர் கவிழவே இல்லை, நேரே மேலே எழுந்து என் தலையைத் தாண்டியது. ஒரு மூச்சு நேரம்தான், பிறகு ஒன்றுமே இல்லை. ஸ்டாட் முனையில் நம் மீன்பிடிப் படகின் சுக்கான் அறைக் கண்ணாடியை உடைத்தது இப்படி ஒரு அலைதான். "சின்னக் கடல்தாம்மா, திடீர்னு ஒரு சுவர் எழுந்து நின்னுச்சு" என்று நீ சொன்னாய். படகின் கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவோ, "போனப் பாத்துக்கிட்டே சுக்கான் பிடிச்சிருப்ப" என்றார். மறுவாரமே நீ மலைக்குக் கிளம்பிவிட்டாய்.

புதன்கிழமை அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "இன்னொரு தடவை விடுங்க" என்று ஆறு முறை கேட்டார். எங்கள் தலைவி ராக்னில்ட், "தூருன், உன் வீட்டுக்காரர் தொட்டிக்குள்ள வலை போட்டுறப் போறாரு" என்று கிண்டலடித்தாள். அவர் சிரிக்கவில்லை. வண்டியில் ஏறிய பிறகு, "ரெண்டாவது அலை எந்தப் பக்கமிருந்து வந்துச்சுன்னு சொன்னான்?" என்றார். "நீங்க எங்க அவனச் சொல்ல விட்டீங்க" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. வீட்டுக்கு வந்ததும் படகின் பதிவேட்டை எடுத்தார். அதில் எழுதியதை அழிக்கவும் கூடாது, கிழிக்கவும் கூடாது. 'சுக்கான் பிடித்தவரின் கவனக்குறைவு' என்ற தன் வரியின் மேல் ஒரே கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்திட்டார். அடியில் இரண்டு வரிக்கு இடம் இருந்தது. நான் எழுதட்டுமா என்றேன். "சுக்கான்ல நின்னவன்தான் எழுதணும்" என்று மூடிவிட்டார்.

நோய்நொடியின்றித் தலை நிமிர்ந்து இரு, மகனே. வெயில் அடித்தாலும் தொப்பியை மறக்காதே.

உன் அம்மா,
தூருன்

பி.கு: பதிவேட்டில் அந்தப் பக்கத்துக்குள்ளேயே அப்பா பேனாவை வைத்திருக்கிறார். ஈஸ்டருக்கு வந்து அந்த இரண்டு வரியை உன் கையால் எழுது, சிந்த்ரே.