பால்குடி அண்ணனுக்கு

இன்று காலை உங்கள் மகன் காமயகவுண்டன்பட்டி டவுன் பஸ்ஸில் ஒரு பெட்டி பன்னீர் திராட்சை கொடுத்தனுப்பியிருந்தான். பிரித்ததும் வீடு முழுக்க அந்த மணம். தோட்டத்திலிருந்து நேராக வந்து நிற்கும்போது உங்கள் சட்டையில் வருமே, அதே மணம். ஒரு பழம்கூட என்னால் வாயில் வைக்க முடியவில்லை. பெட்டியை மூடிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

என் தாய்மாமன் மகன் நீங்கள். பேசத் தெரிந்த நாள் முதல் எனக்கு மச்சான். இவளுக்கு இவன் என்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்துவிட்டார்கள். எனக்கும் வேறு நினைப்பு வந்ததில்லை. பத்திரிகை அடித்தாயிற்று, பந்தலுக்குச் சொல்லியாயிற்று. பட்டு எடுக்க நீங்களே மதுரைக்குப் போனீர்கள். "பச்சையா ஊதாவான்னு கடைக்காரன் கேட்டான். ஒனக்கு எது பிடிக்கும்னு தெரியல, ரெண்டையும் எடுத்துட்டேன்" என்று வாசலில் நின்றபடி சொன்னீர்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன்.

அந்த வாரம்தான் உங்கள் அம்மா பெண்களுக்கான மார்க்க பயான் கேட்கப் போனார்கள். பச்சைப் பிள்ளைக்கு ஒரு பெண் கொஞ்சம் பால் கொடுத்தாலும் அவள் அதற்குத் தாய், அவள் பெற்ற பிள்ளைகள் அதற்கு உடன்பிறப்பு, அவர்களுக்குள் நிக்காஹ் கூடாது என்று ஆலிமா சொல்லிக்கொண்டிருந்தாராம். மாமி பாதியிலேயே எழுந்து எங்கள் வீட்டுக்கு வந்து, என் அம்மாவின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

"நீங்க காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கெடந்தீகல்ல மதினி, அப்ப இவ கத்திக் கத்தி மூச்சு நின்னுரும் போல இருந்துச்சு. எனக்குச் சின்னவ பால்குடிக்கிற நேரம். இவளையும் தூக்கி மடியில போட்டுக்கிட்டேன். அது இப்படி வந்து நிக்கும்னு எனக்குத் தெரியாதே!"

பார்த்தவர் யாரும் இல்லை. மாமி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது அவர்களோடு போயிருக்கும்.

பள்ளிவாசல் அஜரத்தைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "ஒரு பொம்பளையோட சாட்சிய மட்டும் வச்சு நான் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனா அவுக சொல்றது நெசம்னு ஒங்க மனசு ஒத்துக்கிட்டா, விலகிக்கிறதுதான் சரி" என்று உங்களைப் பார்த்துச் சொன்னார்.

என்னைப் பெற்ற அத்தா விடவில்லை. "ஒரு வாய் குடிச்சாலும் கூடாதுங்கிற சட்டம் நம்ம ஹனஃபி மத்ஹபுலதான். குமுளியத் தாண்டுனா அங்கன ஷாஃபி மத்ஹபு. அஞ்சு தடவையாச்சும் குடிச்சிருந்தாத்தான் கூடாதும்பாக. அங்கன போயி முடிச்சுருவோம்."

"எங்கம்மா பொய் சொல்லாது மாமா. மலையேறி எறங்குனா தங்கச்சி பொண்டாட்டி ஆயிருமா?"

அறைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தங்கச்சி என்ற இடத்தில் உங்கள் குரல் உடைந்தது. உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒரு பொய் சொல்லக்கூடாதா இந்த ஆள் எனக்காக என்று அழுதேன்.

பிறகு எனக்கும் நடந்தது கல்யாணம். அண்ணன் முறைக்கு முன்னால் நின்று எல்லாம் செய்தீர்கள். உங்களுக்கும் வீடு வாசல் என்று ஆனது. ஆனால் உங்களை என்ன சொல்லி அழைப்பது? மச்சான் என்று சொல்லக் கூடாது. அண்ணன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. "இங்க பாருங்க" என்றே வருசக்கணக்கில் ஓட்டினேன்.

என் வீட்டுக்காரர் மவுத்தாகி நான் நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்தபோது, உறவுக்காரர்கள்கூட ஆண்கள் என்றால் வாசலோடு விசாரித்துவிட்டுப் போனார்கள். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே வந்தீர்கள். துக்கம் கேட்க வந்திருந்த ஒரு பெண், யாரோ ஆம்பளை வருகிறாரே என்று பதறினாள். "அது அவ அண்ணன்" என்றார் என் மாமியார். எனக்கெதிரே தரையில் உட்கார்ந்தீர்கள்.

"சாப்ட்டியா?"

"அண்ணே" என்றேன். அதுதான் முதல் தடவை. நீங்கள் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதீர்கள். என் புருஷனுக்காக அழுகிறீர்கள் என்று வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தீர்கள். என் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்ததும் நீங்கள்தான். சொந்தத்தில் ஒரு பையனைச் சொன்னபோது, "மொதல்ல பால்குடி விசாரிங்க" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் எழுந்து போனீர்கள்.

இந்த வருசம் திராட்சைக் கொடியடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள். கஃபன் துணி சுற்றிய பிறகு, முகம் பார்க்க மனைவி, உடன்பிறந்தவர்கள் என்று மஹ்ரமான பெண்களை மட்டும் வரச் சொன்னார்கள். நான் நிலைப்படியில் நின்றேன். உள்ளே போகலாமா என்று எனக்கே தெரியவில்லை. உங்கள் மனைவி அழுகையோடு திரும்பி, "வாங்க மதினி. நீங்க பாக்கலாம்" என்று தலைமாட்டிலிருந்து நகர்ந்து இடம் விட்டார். அவருக்கு எல்லாம் தெரியும்.

உங்கள் நெற்றியில் கை வைத்தேன். விவரம் தெரிந்த பிறகு உங்களைத் தொட்டது அப்போதுதான்.

உங்கள் தோட்டத்தையும் வீட்டையும் பாகம் பிரித்த அன்று, அங்கே எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டிருந்தேன். பால்குடி உறவு நிக்காஹைத் தடுக்கும். வாரிசுப் பங்கு தராது. எனக்கென்று இருப்பது துஆ ஒன்றுதான். தொழுது முடித்துக் கையேந்தும்போது என் அத்தாவுக்கு, என் அம்மாவுக்கு, என் மாமிக்கு, என் வீட்டுக்காரருக்கு என்று உறவு சொல்லித்தான் கேட்கிறேன். உங்களிடம் வரும்போது உறவு சொல்வதில்லை. பெயரை மட்டும் சொல்கிறேன்.