தமாஷ் காட்டிய ஊர்

பொன்னேரி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பானு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உன் நைனா, நான், புதுசாய்க் கன்று போட்ட பசு எல்லோரும் சுகம். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாம், நீ காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் என்றால் நீ அழுவாய், நானும் அழுவேன், சமாச்சாரம் பாதியில் நின்றுவிடும். வேப்பம்பட்டு ஷைனி அங்கே கிளம்புகிறாள் என்றதும் புளி, வடகம், பருப்புப்பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். நாற்று நட்டாயிற்று. நைனாவுக்குக் கும்மிடிப்பூண்டி கம்பெனியில் நைட் ஷிப்ட் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அதனால் இப்போது ராத்திரியெல்லாம் வீட்டில் குறட்டை.

போன வாரம் நீ அந்த கைடு தமாஷைத்தான் கட்டிக்கொள்ள ஆசை என்று சொன்னபோது நான் ஆச்சரியப்படவில்லை, கவனித்தாயா? வைகாசியில் நாங்கள் புடாபெஸ்ட் வந்திருந்தபோது, உனக்கு ஆபீசில் லீவு இல்லை என்று சொல்லி, யூதர்கள் வாழ்ந்த தெருக்களை அவன் சுற்றிக்காட்டும் ஒருநாள் டூரில் எங்களைச் சேர்த்துவிட்டாயே, அன்றைக்கே எனக்குத் தெரியும். பேரைக் கேட்டதும் உன் நைனா, இவன் பேரே தமாஷா என்று சிரித்தார். அந்த இரட்டைக் கோபுர ஜெப ஆலயத்தில் ஆண்கள் தலையை மூடவேண்டும் என்று ஒரு குட்டித் தொப்பி கொடுத்தார்கள். நைனாவின் வழுக்கையில் அது நிற்குமா? வழுக்கி வழுக்கி விழுந்தது. அந்தப் பிள்ளை சிரிக்காமல் தன் தொப்பியில் இருந்த கிளிப்பைக் கழற்றி, இவர் காதோரம் இருந்த நாலு முடியில் மாட்டிவிட்டான். அப்புறம் பார்த்தால் பைக்குள்ளிருந்து ஒரு மடக்கு ஸ்டூலை எடுத்து எனக்கு மட்டும் போட்டான். அத்தனை பேர் நிற்கும்போது என் வலது முட்டி வலிக்கும் என்று அவனுக்கு யார் சொன்னது? அப்போதே புரிந்துவிட்டது. நைனாவிடம் மூச்சு விடவில்லை. கசகசா, ஆப்பிள், வால்நட் எல்லாம் அடுக்கடுக்காய் வைத்த ஒரு கேக் வாங்கிக்கொடுத்தான், இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

அந்த ஆலயத்துக்குப் பின்னால் இரும்பில் ஒரு மரம் இருக்கிறதே, இலைக்கு இலை செத்துப்போனவர்கள் பெயர் எழுதி, அங்கே நைனா தன் இங்கிலீஷில் அவனைக் கேட்டார், உங்கள் வீட்டில் எத்தனை பேர் என்று. அம்மாவும் நானும் என்றான். ஒரு இலையைத் தொட்டுக் காட்டி, இது என் பாட்டியின் அப்பா, தையற்காரர், யுத்தத்தில் பாட்டியை மட்டும் பக்கத்து வீட்டார் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள், மற்ற எல்லோரும் போய்விட்டார்கள் என்று வானிலை சொல்வதுபோலச் சொன்னான். பிறகு ஆற்றங்கரையில் இரும்புச் செருப்புகளைக் காட்டினான். யூதர்களைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, அந்த இடத்தில் நிற்கவைத்துத்தான் சுட்டு ஆற்றில் தள்ளினார்களாம். குழந்தை செருப்பும் இருந்தது. எதையும் போட்டோ பிடிக்கும் உன் நைனா போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டார்.

நீ விஷயத்தைச் சொன்னதும் நைனா போனை என்னிடம் நீட்டினாரே, உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதன்பிறகு என்னோடும் பேச்சில்லை. வயலுக்குப் போவார், வருவார், சாப்பிடுவார். கோபமா வருத்தமா என்று தெரியாமல் நான்தான் பேஜாராகிப் போனேன். இன்றைக்குக் காலையில் சோழவரத்திலிருந்து சடையப்பன் பெரியப்பா வந்தார். நாஷ்டா ஆனதும் நைனா தானாகவே எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார். பெரியப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஜாதி தெரியாது, சனம் தெரியாது, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்று யார் வந்து நிற்பான் என்று சத்தம் போட்டார். நான் அடுப்படியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

நைனா குரலை உயர்த்தவே இல்லை. "ரெண்டே பேருதான் வருவாங்க, அம்மாவும் புள்ளையும். அத்தத்தான் இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தேன். பொண்ணு ஊட்டுப் பக்கம் மண்டபம் நெறஞ்சி, அந்தப் பக்கம் காலியா கெடந்தா என்னால பாக்க முடியாது. நம்ம ஜனத்துல பாதிய அங்க ஒக்கார வைக்கணும். நீ பெரியவன், மாப்ள ஊட்டு ஆளா நீ வந்து நில்லுண்ணா" என்றார்.

பெரியப்பா வாசலுக்குப் போய் வண்டியைக் கிளப்பினார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். வண்டியை நிறுத்திவிட்டு அங்கிருந்தே கேட்டார்: "மாப்ள ஊட்டு ஆளுன்னா, சம்பந்தி மரியாத எல்லாம் எனக்குத்தான?"

நைனா ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

தை மாதத்தில் மண்டபம் பார்க்கலாமா என்று தமாஷின் அம்மாவைக் கேட்டு எழுது. அவர்கள் என்ன சாப்பிடுவார்கள், என்ன சாப்பிடமாட்டார்கள் என்றும் கேள். ராத்திரி பட்டினியாய்ப் படுக்காதே. நீங்கள் இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நிறைந்து வாழவேண்டும். நைனா உன் போனுக்குக் காத்திருக்கிறார், கேட்டால் இல்லை என்பார், நம்பாதே.

உன் அம்மா,
ஈஸ்வரி வெங்கடேசன்