ஓப்பல் வேலைக்கு வர மறுத்த கதை

மில்ஃபோர்க், ஒஹாயோ
14 ஜூலை 2020

அன்புள்ள நாடீனுக்கு,

நலந்தானே? பத்தொன்பது வருடம் உன் உணவகத்து அடுப்பில் நின்றவள் உனக்குத் தபாலில் எழுதுகிறேன், இதுவும் ஒரு கூத்துதான். என்ன செய்ய, நீ போனை எடுப்பதே இல்லை. கடையை மறுபடி திறந்துவிட்டாயாமே, நான் இல்லாமல் கிரேவியை யார் கிண்டுகிறார்கள்? கட்டிதட்டியிருக்கும்.

கொரோனா என்றாலும் என் புருஷன் ரஸ்ஸல் ஆஸ்பத்திரிச் சலவையறைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறான். மார்ச்சில் நீ கடையை மூடியதிலிருந்து எனக்கு வந்துகொண்டிருந்த வேலையிழந்தோர் உதவித்தொகை மூன்று வாரமாக நின்றுவிட்டது. விசாரித்தால் அலுவலகப் பெண், "உங்க முதலாளி கூப்பிட்டாங்களாம், நீங்கதான் வரமாட்டேன்னுட்டீங்களாம்" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாடீன் கூப்பிட்டா செருப்பு மாட்டக்கூட நிக்க மாட்டேனேம்மா" என்றேன்.

யாருடைய பெயரோடோ என் பெயர் குழம்பியிருக்கிறது. நான் மறுக்கவில்லை என்று நீ ஒரு வரி எழுதிக் கொடு. வாடகைக்கு வீட்டுச் சொந்தக்காரர் நெருக்குகிறார்.

உன் ஓப்பல்

18 ஜூலை

அன்புள்ள ஓப்பலுக்கு,

பெயர் குழம்பவில்லை. எழுதியது நான்தான்.

சிறு கடைகளுக்கு அரசாங்கம் பாங்கு வழியாகக் கொடுத்த கடனை நானும் வாங்கினேன். பழைய ஆட்களை வைத்துச் சம்பளம் கொடுத்தால் தள்ளுபடி, ஆள் குறைந்தால் தள்ளுபடியும் குறையும். கூப்பிட்டும் வராதவர்களை மட்டும் குறையாகப் பார்க்க மாட்டார்கள். எட்டுப் பேரைக் கூப்பிட்டேன், உன்னைக் கூப்பிடவில்லை. "ஓப்பல் சமையலா? அவ வீட்டுக்காரன் ஆஸ்பத்திரித் துணி துவைக்கிறவனாச்சே" என்று சாப்பிட வருகிறவர்கள் முகம் சுளித்தார்கள். அவர்கள் வராமல் போய்விடுவார்களோ என்று பயந்தேன். பாங்குக்குக் கொடுத்த தாளில் உன் பெயருக்கு நேரே 'வர மறுத்துவிட்டார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உதவித்தொகை அலுவலகத்துக்கும் தெரிவிக்கச் சொன்னார்கள், தெரிவித்தேன். உன் பணம் நிற்கும் என்று தெரியாது என எழுதத்தான் உட்கார்ந்தேன். தெரியும் ஓப்பல். தெரிந்தேதான் அனுப்பினேன்.

வெட்கமாக இருக்கிறது. உன் குரலைக் கேட்கப் பயந்துதான் போனை எடுக்கவில்லை. இன்று காலை பாங்குக்கும் அலுவலகத்துக்கும் உண்மையை எழுதிப் போட்டுவிட்டேன். வருவது வரட்டும். நீ திங்கட்கிழமை வேலைக்கு வா. யார் என்ன சொன்னாலும் அந்த அடுப்பு உன்னுடையது.

நாடீன்

9 ஆகஸ்ட்

நாடீனுக்கு,

நின்ற பணம் வந்துவிட்டது. வாடகை கட்டியாயிற்று.

உன் கடிதத்தை ரஸ்ஸலிடம் காட்டவில்லை. "பாத்தியா, நாடீன் விட்டுக் கொடுக்கல" என்று அவன் சந்தோஷப்படுகிறான். ஊரார் அவனைப் பற்றிச் சொன்னதை என் வாயால் எப்படி அவனுக்குச் சொல்வது?

கடை பிழைக்க நான் ஒதுங்கவேண்டும் என்று நீ நேரில் கேட்டிருந்தால் ஒதுங்கியிருப்பேன். உனக்காக அதுகூடச் செய்யமாட்டேனா? கேட்க உனக்குத் தோன்றவில்லையே என்றுதான் அழுதேன்.

ஆஸ்பத்திரிக்கும் அரசாங்க நிவாரணப் பணம் வந்திருக்கிறது. சமையலறைக்கு ஆள் எடுத்தார்கள், நாளை முதல் போகிறேன். ரஸ்ஸலும் நானும் ஒன்றாகவே கிளம்பலாம்.

நீ வேலைக்குக் கூப்பிட்டாய். நான் வரமாட்டேன். உன் தாளில் அப்படியே எழுதிக்கொள். இந்தத் தடவை அது பொய்யில்லை.

ஓப்பல்