கரி தட்டுற கை

ஆடி 3, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். கடல் காத்து செத்துப்போச்சு. தைக்க வேண்டியது: பாவாடை 2, ஜாக்கெட் 4, ரோசம்மா மக சர்ச்சுல புதுநன்மை வாங்கப் போட்டுக்கிற கவுன்.

பர்மாக்காரி மா சேன் வந்து பட்டன் தைச்சுக் குடுத்தா. பக்கத்து வூட்டு கோவிந்தனுக்கு அண்ணி. யுத்தத்துல பர்மாவுலேர்ந்து நடந்து வர்ற வழியிலேயே புருஷன் செத்துட்டான். இவ எங்கெங்கயோ கேம்ப்புல கிடந்துட்டு, தை மாசம்தான் எங்க காம்பவுண்டுக்கு வந்தா. காது கேக்காது, பேச்சு வராது. காம்பவுண்டுல எல்லாருக்கும் கையாலேயே பேரு வச்சிருக்கா. ரோசம்மான்னா மூக்குத்தி. முனியம்மான்னா இடுப்புல கை. வாடகை வாங்க வர்றவன்னா தொப்பை. சிரிச்சு சிரிச்சு விரல்ல ஊசி குத்திக்கினேன்.

இந்த வருஷம் ஆடிக் கூழு இவளும் கிண்டட்டும்னேன். முனியம்மா, "கிண்டட்டுமே, கைக்கு இன்னா பாஷை"ன்னா.

ஆடி 5, ஞாயிறு

குழாயடி. மா சேன் என் பக்கமா பார்த்து புதுசா ஒண்ணு காட்டினா. இடது கையால வலது தோளை ரெண்டு தட்டு. அப்புறம் விரல் நுனியை ஊதினா.

முனியம்மா குடத்தைக் கீழ வச்சுட்டா. "இது உன் வூட்டுக்காரர் பண்றதாச்சே."

ஆமா. ஹார்பர்ல கரி இறக்கிட்டு வந்தா, வாசல்ல நின்னு அப்படித்தான் தூசு தட்டி ஊதுவாரு. கரியே இல்லாத ஞாயித்துக்கிழமை சட்டையிலயும் தட்டுவாரு. அவரு போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம். இவ அவரைப் பார்த்ததே இல்லை. போட்டோகூடக் கிடையாது.

எங்கேன்னு கையால கேட்டேன். என்னைக் காட்டினா. நகர்ந்தேன். விரலும் கூடவே நகர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். வெறும் சுவரு.

ஆடி 6, திங்கள்

மெஷினை நிறுத்தினா முதுகுக்குப் பின்னாடி யாரோ நிக்கிற மாதிரி. பயந்தான். ஆசையும்தான், வெக்கத்தை விட்டு எழுதறேன். அவரு துண்டை எடுத்துக் கொடியில போட்டேன். சாயங்காலம் மடிச்சு வச்சுட்டேன்.

ரோசம்மா சிலுவை போட்டுக்கினா. செத்தவங்க இவ கண்ணுக்குத் தெரியறாங்களாம், காத்து கருப்பு சேர்ந்தவ கை கூழுப்பானையில படக் கூடாதாம். கோவிந்தன் என்னைத்தான் வந்து கேட்டான். இவ காம்பவுண்டுல இருக்கிறது ஆகலைன்னா வர்ற திங்கள் எங்கனா ஆசிரமத்துல விட்டுடறேன், நீங்க இன்னாக்கா சொல்றீங்கன்னான். வாயைத் திறக்கல நான். அதுவே போதும் அவனுக்கு.

ஆடி 9, வியாழன்

தூறல். கேழ்வரகு அரைக்கக் குடுத்தாச்சு. மோர் மிளகா வாங்கணும்.

மா சேன் பட்டன் டப்பாவோட வாசல்ல நின்னா. கதவைச் சாத்தினேன். அவ தட்டல. ரொம்ப நேரம் கதவடியில நிழல்.

ஆடி 11, சனி

என் ஜாக்கெட்டுக்கு ஒட்டுப் போட உக்காந்தேன். மூணு ஜாக்கெட். மூணுலயும் வலது தோள் மட்டும் இத்துப்போயிருக்கு. இடது தோள் புதுசாட்டம். ஊர் துணியெல்லாம் பார்க்கிற கண்ணு, இதைப் பார்க்கல. இங்க எதுக்குத் தேயணும்னு யோசிச்சுக்கினே நிமிர்ந்தேன். எதிர்ல கண்ணாடி. என் இடது கை வலது தோள்ல. ரெண்டு தட்டு. உதட்டுக்கு வந்துச்சு. ஊதினேன்.

கை என்னுது. பண்றது அவரு.

ரெண்டு வருஷமா கூட இருக்கிற ஒருத்தருக்கும் இது கண்ல படல, எனக்கே படல. அவ பார்த்திருக்கா. எனக்குப் பேரு வச்சிருக்கா, அவ்ளோதான். பேரு சொல்லிக் கூப்பிட்டவ மூஞ்சியில கதவைச் சாத்தினேன் பாவி.

ஓடினேன். அவ பெட்டியைக் கட்டி வாசல்ல வச்சிருக்கு.

ஆடி 12, ஞாயிறு

கூழு. பானை முன்னாடி எல்லாரும் பார்க்க தோளைத் தட்டி ஊதிக் காட்டினேன். "இது நான், அவ என்னைத்தான் கூப்பிட்டா"ன்னு சொன்னேன். மூணு ஜாக்கெட்டையும் விரிச்சேன். ரோசம்மா துணியைத் தடவிப் பார்த்தா. கடைசியில முனியம்மா துடுப்பை எடுத்து மா சேன் கையில குடுத்தா. கோவிந்தன் பெட்டியை உள்ள கொண்டுபோனான்.

கிண்டிக்கினே மா சேன் என்னைப் பேரு சொல்லிக் கூப்பிட்டா. போனேன்.

சாயங்காலம் ஆச்சு. வலது கையால எழுதிக்கினு இருக்கேன். ஆரம்பிக்கும்போது இடது கையை மடியில, தைக்கிற துணிக்கு அடியில அமுக்கி வச்சேன்.

இப்போ மடியில இல்லை.